முன்னறையில் ஒரு பின்னல் கடை

மேல் குன்னூரில் பெட்போர்டிலிருந்து சிம்ஸ் பூங்காவுக்குப் போகும் சாலையில், இடப்பக்கம் பிரியும் கல்படிச் சந்து ஒன்றில் இருபத்திரண்டு படிகள் இறங்கினால், தகரக் கூரை போட்ட பழைய வீடொன்றின் முன்னறையில் இந்தக் கடை இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. சன்னலின் உட்புறம் வெள்ளைப் பின்னல் விரிப்பு ஒன்று தொங்கினால் கடை திறந்திருக்கிறது என்று பொருள். தொங்கவில்லை என்றால் மறுபடி இருபத்திரண்டு படி ஏற வேண்டியதுதான். பழைய குரோஷாப் பின்னல்களும் தேயிலை சார்ந்த கைவினைப் பொருள்களும் மட்டுமே விற்கும் இந்தக் கடைக்குக் கடந்த இரண்டு ஆண்டுகளில் ஏழெட்டு முறை போயிருக்கிறேன். வாங்கியவற்றை அருவங்காட்டில் உள்ள எங்கள் வீட்டில் நாள்தோறும் புழங்கியும் வருகிறேன். நீலகிரியில் எந்தத் துணியும் ஒரு ஐப்பசி மழையைத் தாண்டிய பிறகுதான் அதன் குணம் தெரியும் என்பதால், இந்த மதிப்புரையை எழுத இத்தனை நாள் பொறுத்திருந்தேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பின்னலுக்காகத் தாராளமாகப் போகலாம், தேயிலைப் பொருள்களில் பாதியைக் கையால் தொடாமல் திரும்பலாம்.

கடையை நடத்துபவர் எழுபது வயதைத் தாண்டியவர். கான்வென்ட் பள்ளி ஒன்றில் தையல் வகுப்பு எடுத்து ஓய்வுபெற்றவர் என்பதால் அந்தத் தெருவில் எல்லாருக்கும் அவர் டீச்சர்தான், எனக்கும் அப்படியே. பூர்விகம் திருநெல்வேலிச் சீமை. தென்கோடித் தமிழ்நாட்டுக்கும் லேஸ் வேலைக்கும் உள்ள உறவு இருநூறு ஆண்டுப் பழமையுடையது. நாகர்கோவிலில் 1820களில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரிப் பெண்மணி தொடங்கிவைத்த லேஸ் வேலையை, அவருடைய மகளும் பிஷப் கால்டுவெல்லின் மனைவியுமான எலிசா பிறகு இடையன்குடிக்குக் கொண்டுபோனார். அது தலையணையின்மேல் குண்டூசிகளைக் குத்தி, சிறு கட்டைகளில் சுற்றிய பல நூல்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் வேலை. குரோஷா அது அல்ல. குரோஷாவில் ஒரே நூல், ஒரே கொக்கி ஊசி, கண்ணிக்குள் கண்ணியாக இழுத்துக்கொண்டே போக வேண்டும். சுற்றுலாக் கடைகள் இரண்டையும் 'லேஸ்' என்ற ஒரே சொல்லில் அடக்கி விற்றுவிடுகின்றன. டீச்சரோ, தம் தாயார் பின்னிய தலையணை லேஸ் துண்டு ஒன்றைக் கண்ணாடிச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார். புதிதாக வருகிறவர்களை அதன் முன் நிறுத்தி, கையில் ஒரு குரோஷா விரிப்பையும் கொடுத்து, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அவர்கள் வாயாலேயே சொல்லவைத்த பிறகுதான் விலைப் பேச்சுக்கு வருவார். வகுப்பறைப் பழக்கம் விடவில்லை. அவசரத்தில் இருப்பவர்களுக்கு இது எரிச்சலூட்டலாம், எனக்குப் பிடித்திருந்தது.

பின்னல்கள் மூன்று அலமாரிகளில் இருக்கின்றன. முதலாவதில் உண்மையிலேயே பழையவை. குன்னூர், வெலிங்டன், கோத்தகிரிப் பக்கங்களில் பழைய பங்களாக்கள் கைமாறும்போது மரச்சாமான்களுக்குத்தான் போட்டி நடக்குமே தவிர, பீரோவின் அடித்தட்டில் கிடக்கும் துணி மூட்டையை யாரும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அந்த மூட்டைகளைத்தான் இவர் மொத்தமாக வாங்கி வருகிறார். வட்டமான தட்டு விரிப்புகள், மேசையின் நீளத்துக்கு ஓடும் விரிப்புகள், நாற்காலி முதுகு உறைகள், ஓரத்தில் கண்ணாடி மணி கோத்த பால்சாடி மூடிகள், உறையே நைந்துபோய்விட்டாலும் பின்னல் மட்டும் அழியாமல் நிற்கும் தலையணை விளிம்புகள் எல்லாம் அதில் அடக்கம். இரண்டாவது அலமாரியில் இருப்பவை கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் வீடுகளிலும் பள்ளித் தையல் வகுப்புகளிலும் ஆங்கர் நூலில் பின்னப்பட்டவை. எண்பதுகளில் நம் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியின்மேல் கிடந்ததே, அந்த ரகம். மூன்றாவதில் புதியவை, ஆந்திரத்தின் நரசாபூரிலிருந்து வருகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிஷனரிகள் கற்றுக்கொடுத்து, கோதாவரிக் கழிமுகத்துப் பெண்களின் கைத்தொழிலாகவே வேரூன்றிவிட்ட அந்தக் குரோஷாவுக்கு 2024இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பழையதற்குக் கறுப்பு, நடுவயதுக்குப் பச்சை, புதியதற்குச் சிவப்பு என்று விலைச்சீட்டைக் கட்டும் நூலின் நிறத்திலேயே வயதைச் சொல்லிவிடுகிறார். ஒரு சீட்டில்கூட நிறம் மாறி நான் பார்த்ததில்லை.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன் மலையின் இன்னோர் ஊரில், சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் கடைத்தெரு ஒன்றில், 'நூறு வருஷத்துப் பழசு' என்று சொல்லி மேசை விரிப்பு ஒன்றை என் தலையில் கட்டினார்கள். ஆயிரத்து எண்ணூறு ரூபாய். இளம்பழுப்பு நிறத்தில் பார்க்கவே கம்பீரமாக இருந்த அந்த விரிப்பை வீட்டில் முதல் முறை தண்ணீரில் போட்டதும் வாளி முழுவதும் டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்துவிட்டது. மோந்து பார்த்தேன், சந்தேகமே இல்லை, டஸ்ட் டீ. மூன்றாவது அலசலில் நூறு வருஷமும் கரைந்துபோய், வெளிறிய வெள்ளையில் ஒரு புத்தம்புதிய விரிப்பு கையில் இருந்தது. தேயிலை விளையும் ஊரில் தேயிலைத் தண்ணீரிலேயே ஏமாந்தேன் என்று என் கணவர் இன்றும் சொல்லிச் சிரிப்பார்.

அந்த விரிப்பை எடுத்துக்கொண்டுதான் டீச்சரிடம் முதலில் போனேன். அவர் சொல்லிக்கொடுத்த சோதனைகள் எளியவை. காலத்தால் வரும் பழுப்பு ஒரே சீராக இராது; மடிப்பு விழுந்த இடத்திலும் காற்றுப்பட்ட ஓரத்திலும் கூடுதலாகவும் உள்மடிப்பில் குறைவாகவும் இருக்கும். சாயம் தோய்த்ததோ எல்லா இடத்திலும் ஒரே நிறமாக, அல்லது தொங்கவிட்டுக் காயவைத்த பக்கம் மட்டும் கரை கட்டி இருக்கும். அடுத்து, ரூபாய் நோட்டைச் சோதிக்கும் சின்ன ஊதா விளக்கு ஒன்று மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறார். இன்றைய வெள்ளை நூலில் வெண்மையைத் தூக்கிக் காட்ட ஒளிர்பொருள் சேர்ப்பதால், இருட்டில் அந்த விளக்கைக் காட்டினால் நீலமாகப் பளிச்சிடும். அந்தப் பொருள்கள் பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் என்பதால், அதற்கு முந்தைய நூல் மங்கலாகவே நிற்கும். இதிலும் ஒரு சிக்கல் உண்டு: இப்போதைய சலவைத்தூளிலும் அதே பொருள் கலந்திருப்பதால், பழைய விரிப்பை யாராவது ஒரு முறை சலவைத்தூள் போட்டுத் துவைத்திருந்தால் அதுவும் ஒளிரும். ஆகவே ஒளிராதது பழையதாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று சொல்லலாமே தவிர, ஒளிர்வது எல்லாம் புதிது என்று சொல்லிவிட முடியாது. பளபளப்பையும் பார்க்கச் சொன்னார். காஸ்டிக் சோடாவில் நனைத்து, இழுத்துப் பிடித்து மினுமினுப்பு ஏற்றிய நூல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில்தான் சந்தையில் பரவியது. குரோஷாவே ஐரோப்பாவில் பரவலானது 1840களில்தான். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் இந்த மலைக்கு ஏறி வந்ததே 1819இல் என்றிருக்க, 'சல்லிவன் காலத்து குரோஷா' என்று மினுமினுக்கும் விரிப்பை எடுத்துக் காட்டுகிறவரிடம் சிரித்துவிட்டு வந்துவிடுவது நல்லது.

கையால் பின்னியதா என்ற கேள்விக்கும் விடை சுலபம். துணி நெய்ய, பனியன் பின்ன எல்லாம் இயந்திரம் வந்துவிட்டாலும், குரோஷாக் கண்ணியை அப்படியே போடும் இயந்திரம் கடைச்சரக்கு உற்பத்திக்கு வரவில்லை. ஆகவே உண்மையான குரோஷா எதுவாக இருந்தாலும், அது ஐம்பது ரூபாய்த் தட்டு விரிப்பாகவே இருந்தாலும், ஒருவர் உட்கார்ந்து கையால் பின்னியதுதான். இயந்திரத்தில் வருவது குரோஷாவைப் போலத் தோற்றம் காட்டும் வேறொரு பின்னல். பின்பக்கம் திருப்பினால் நீளவாக்கில் சங்கிலி சங்கிலியாக ஓடும் இழைகளைப் பார்த்தே கண்டுகொள்ளலாம்.

நான் வாங்கியவற்றில் எனக்கு மிகப் பிடித்தது நான்கடி நீளமுள்ள ஒரு மேசை விரிப்பு. கறுப்பு நூல் கட்டியது. விலை இரண்டாயிரத்து நானூறு. சதுரச் சதுரமாகக் கட்டம் பின்னி, சில கட்டங்களை நிரப்பியும் சிலவற்றை வெறுமையாக விட்டும் உருவம் கொண்டுவரும் ஃபிலே முறையில் செய்தது. புள்ளிக்கோலம் போடத் தெரிந்தவர்களுக்கு அதன் கணக்கு ஒரு பார்வையிலேயே பிடிபட்டுவிடும். நடுவில் மூக்கு நீண்ட தேநீர்க் கெண்டி, அதன் இரு பக்கமும் மும்மூன்று கோப்பைகள், ஓரங்களில் அலையலையான விளிம்பு. நூலின் எண் கூடக்கூட இழை மெலியும். இது அறுபதாம் எண் நூலாக இருக்கலாம் என்று டீச்சர் மதிப்பிட்டார். விரலில் தடவினால் கட்டத்தின் விளிம்பு தட்டுப்படாத அளவுக்கு மெல்லியது. வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு கோப்பையாகப் பார்த்துக்கொண்டு வந்தபோது, இடப்பக்கத்து மூன்றாவது கோப்பையின் கைப்பிடியில் நிரப்பியிருக்க வேண்டிய ஒரு கட்டம் வெறுமையாக இருந்தது. வாங்குகிறவளின் புத்தி விடுமா? 'இதுல ஒரு கட்டம் விட்டுப்போயிருக்கே டீச்சர், வெலையில கொஞ்சம் பார்த்துப் போடக்கூடாதா?' என்று கேட்டேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தவர், 'நாலு வருஷமா என் கையில இருக்கு, நானே பாக்கல. கண்டுபிடிச்சதுக்கு வேணா ஒரு டீ தரேன்மா. வெல அதேதான்' என்றார். டீ வந்தது. நன்றாகவும் இருந்தது.

வீட்டை அழகுபடுத்துவது பற்றி இந்தக் கடையில் கற்றுக்கொண்டவற்றையும் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் பின்னல் விரிப்புகளுக்குக் கெட்ட பெயர் வந்ததே, கண்ட இடத்திலெல்லாம் போட்டு மூடியதால்தான். ரேடியோவுக்கு ஒன்று, குளிர்ப்பெட்டிக்கு ஒன்று, தொலைபேசிக்கு ஒன்று, அதன் ஒலிவாங்கிக்கும் தனியாக ஒன்று என்று கிடந்த காலத்தை மறந்துவிட முடியாது. டீச்சரின் முன்னறையில் எந்த மேசையிலும் ஒன்றுக்கு மேல் இல்லை. அதுவும் கருந்தேக்கு அல்லது ஈட்டி மரத்தின்மேல் மட்டும். பின்னலின் அழகு நூலில் பாதி, துளையில் பாதி என்பதால், துளை வழியே தெரியும் அடிநிறம் அடர்த்தியாக இருந்தால்தான் வடிவம் துலங்கும். எங்கள் வீட்டு மேசை வெளிர்ப் பச்சைச் சன்மைக்கா ஒட்டியது; கெண்டி விரிப்பை அதில் போட்டபோது கோப்பைகள் கரைந்துபோயின. பழைய கருநீலச் சுங்குடிச் சேலை ஒன்றை அடியில் விரித்ததும் எல்லாம் எழுந்து நின்றன.

நாற்காலி முதுகு உறையை நான் அலங்காரமாகக் கருதுவதில்லை. அது வேலைக்காரப் பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் தலையில் தடவிக்கொண்ட மக்காசர் எண்ணெய் நாற்காலியில் பிசுக்காக ஒட்டாமல் இருக்கப் பிறந்தது அது. ஆங்கிலத்தில் அதன் பெயரே மக்காசருக்கு எதிரானது என்றுதான் பொருள்படும். தேங்காய் எண்ணெய் வைத்த தலைகள் சாயும் நம் வீட்டுச் சோபாவுக்கு அது எவ்வளவு பொருத்தம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதற்குக் கறுப்பு நூல் கட்டியதை வாங்காதீர்கள். வாரம் ஒரு முறை துவைக்க வேண்டியிருக்கும் பொருளுக்குப் பச்சை நூல் கட்டியதே போதும், இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. பால்சாடி மூடியும் அப்படித்தான். ஓரத்து மணிகளின் எடை வலையைச் சாடியின்மேல் இழுத்துப் பிடித்துக்கொள்வதால் ஈ நுழையாது, காற்றும் அடைபடாது. நான் வாங்கியது தயிர்ப்பானைமேல் கிடக்கிறது.

சட்டமிட்டுச் சுவரில் மாட்டுவதானால் பசை போட்டு ஒட்டவே கூடாது. பின்னலை அடித்துணியோடு அங்கங்கே ஊசி நூலால் தொட்டுத் தைத்து, கண்ணாடியில் படாதபடி ஓரத்தில் மரச்சட்டம் வைத்து இடைவெளி விட வேண்டும். கண்ணாடியில் ஒட்டியிருந்தால் பனிக்காலத்தில் அதன் உட்புறம் வேர்த்து, நூலில் கறை இறங்கிவிடும். இந்த வேலையை டீச்சரே ஐந்நூறு ரூபாய்க்குச் செய்து தருகிறார். முடித்துத் தர ஒரு மாதம் ஆகிறது.

இனி குறை. இரண்டாவது ஆண்டு ஐப்பசியில் ஒரு தட்டு விரிப்பு வாங்கினேன். பழைய நாள் அன்னாசி வடிவப் பின்னல்; உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் பரிசாகக் கொடுக்க வேண்டும் என்பதால் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமலே வைத்திருந்தேன். மூன்று வாரம் கழித்து எடுத்தபோது நடுவளையத்தைச் சுற்றிக் கடுகு சிதறியதுபோலக் கறுப்புப் பூசணப் புள்ளிகள். வடகிழக்குப் பருவமழையில் குன்னூர் எப்படி ஊறிக் கிடக்கும் என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். அந்த மாதத்தில் கஞ்சி போட்டு, முழுதாகக் காயாத துணியைப் பிளாஸ்டிக்கில் அடைப்பது, ஐம்பது ஆண்டு அனுபவம் உள்ளவர் செய்யக்கூடாத பிழை. கொண்டுபோய்க் காட்டினேன். தவறை ஒப்புக்கொண்டு உடனே பணத்தைத் திருப்பித் தந்தார். அதன்பின் எல்லாவற்றையும் மல் துணியில்தான் சுற்றித் தருகிறார். இருந்தாலும் மழை மாதங்களில் வாங்குகிறவர்கள் வீட்டுக்குப் போனதும் பிரித்துக் காற்றாட விடுவது நல்லது.

துவைக்கும் முறையையும் இதோடு சொல்லிவிடுகிறேன். பூந்திக்கொட்டை நுரையில், குளிர்ந்த நீரில் ஊறவைத்து, கசக்காமல் கையால் அமுக்கி அமுக்கி எடுக்க வேண்டும். முறுக்கிப் பிழிந்தால் பழைய நூல் அறுந்துவிடும். துண்டில் சுருட்டி ஈரத்தை எடுத்தபின், தெர்மாகோல் அட்டையில் பிளாஸ்டிக் தாள் விரித்து, துருப்பிடிக்காத குண்டூசியால் ஒவ்வோர் இதழாக இழுத்துக் குத்திக் காயவைத்தால் பழைய வடிவம் திரும்பிவிடும். சாதாரண இரும்பு ஊசி ஓர் இரவில் துருக்கறை வைத்துவிடும். வடித்த கஞ்சி போட்டால் விறைப்பாக நிற்கும். ஆனால் கஞ்சி போட்டதைப் புழங்காமல் பெட்டியில் வைத்தால் வெள்ளிமீன் பூச்சிக்குப் பந்தி வைத்ததுபோல ஆகிவிடும். சீனிப்பாகில் நனைத்து விறைப்பேற்றிய கிண்ணங்கள் இரண்டு கடையில் அழகாக இருந்தன. எறும்பை நினைத்து வாங்கவில்லை.

தேயிலைப் பொருள்களுக்கு வருகிறேன். இந்தப் பகுதியை டீச்சரின் பேரன் கவனித்துக்கொள்கிறார். நல்ல பையன், 'அக்கா, அக்கா' என்று ஓடியாடி எடுத்துக் காட்டுவார். ஆனால் பாட்டியின் கண் அவருக்கு இன்னும் வரவில்லை. இருப்பதில் முதல்தரமானது பழைய தேயிலைப் பெட்டி. காகிதச் சாக்குகள் வருவதற்கு முன் தேயிலை ஏலத்துக்கும் துறைமுகத்துக்கும் போனது ஒட்டுப்பலகைப் பெட்டிகளில்தான். விளிம்பெல்லாம் தகரப் பட்டை, உள்ளே ஈரம் புகாதபடி ஈயத்தாள் போன்ற உலோகத்தாள், வெளியே தோட்டத்தின் பெயர், ரகம், எடை எல்லாம் அச்சுத்தகடு வைத்துக் கறுப்பு மையில் அடித்திருக்கும். இங்கே அவற்றைத் துடைத்து, மையை அழிக்காமல், அடியில் நான்கு கட்டைக்கால் மட்டும் வைத்து விற்கிறார்கள். ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். நான் வாங்கிய பெட்டியில் 'பி.ஓ.பி.' என்ற எழுத்துகள் தெளிவாக இருக்கின்றன. உடைந்த இலை ரகத்துக்கான குறி அது. எங்கள் கூடத்தில் அதைச் சிறுமேசையாகப் போட்டு, ஒரு சாண் அகல வட்ட விரிப்பை மேலே போட்டிருக்கிறேன். பெரிய விரிப்பாகப் போட்டு எழுத்தை மறைத்துவிட்டால் அந்தப் பெட்டிக்கும் வேறு பெட்டிக்கும் வேறுபாடு இல்லை.

தேயிலை மரப் பொருள்களும் வாங்கத்தக்கவை. ஆண்டுக்கணக்கில் கவ்வாத்து வெட்டி வெட்டி இடுப்பளவிலேயே நிறுத்தப்பட்ட செடியின் அடித்தண்டு, மேலே போக வழியில்லாமல் முறுக்கிக்கொண்டு தடித்துக் கிடக்கும். மறுநடவுக்காகப் பிடுங்கும்போது கிடைக்கும் அந்தத் தண்டைச் சீவி மெருகேற்றி, விளக்குத் தண்டாகவும் கண்ணாடி மேசைக்குக் காலாகவும் செய்கிறார்கள். கனத்த, நெருக்கமான மரம். ஆனால் நன்றாகக் காயாத தண்டில் செய்தது ஓராண்டில் வெடிக்கும்; வாங்கும்போது அடிப்பக்கத்தைத் திருப்பி, குறுக்குவெட்டில் நடுவிலிருந்து ஓடும் விரிசல் இருக்கிறதா, மாவு மாவாக உதிர்கிறதா என்று பார்த்துவிடுங்கள். எங்கள் விளக்குத் தண்டு நன்றாக இருக்கிறது. அதற்குப் பழைய குரோஷா விரிப்பு ஒன்றையே மேலுறையாகக் கவிழ்த்து, எல்.இ.டி. விளக்குப் போட்டிருக்கிறேன், இரவில் சுவரெங்கும் பின்னலின் நிழல் விழுகிறது. சூடேறும் பழைய குண்டு பல்பில் இதைச் செய்யக்கூடாது.

தேநீர்க் கெண்டிக்குப் போடும் குரோஷா உறைகளில் இரண்டு வகை இருக்கின்றன. துளைத் துளையாக வெறும் நூலில் பின்னியது பார்வைக்கு மட்டும்தான். சூடு துளை வழியே போய்விடும். கம்பளி நூலில் நெருக்கிப் பின்னி, உள்ளே ஃபிளானல் துணி வைத்துத் தைத்தது மார்கழிக் குளிரில்கூட அரைமணி நேரம் தாங்குகிறது. விலை அறுநூற்று ஐம்பது. பாலும் தூளும் சேர்த்துக் கொதிக்கவைத்து ஃபிளாஸ்கில் ஊற்றிவைக்கும் வீடுகளுக்கு இதெல்லாம் தேவையே இல்லை. தூளாக்காமல் இலையாகவே சுருட்டிய ஆர்த்தடாக்ஸ் தேயிலையைக் கெண்டியில் போட்டு வெந்நீர் ஊற்றிக் குடிக்கிறவர்கள் மட்டும் வாங்கலாம்; அவர்களும் மூன்று நான்கு நிமிடத்தில் இலையை வடித்துவிட்டுத்தான் உறையைப் போட வேண்டும். இலையோடு சூடாகக் கிடந்தால் துவர்ப்பு ஏறி, வாயில் வைக்க முடியாது.

வாங்கவே கூடாதவை இரண்டு. ஒன்று, காய்ந்த கொழுந்தைக் கண்ணாடி போன்ற பிசினில் ஊற்றி உறையவைத்த கோப்பை அடித்தட்டுகள். ஆறே மாதத்தில் பச்சை மங்கிச் சருகு நிறமாகிவிட்டது; சூடான டம்ளரை வைத்த இடத்தில் வட்டமாகத் தழும்பும் விழுந்தது. மற்றொன்று, கொழுந்து பறிக்கும் பெண் பொம்மைகள். இதைக் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். என் அம்மா, 1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் இலங்கை மலையகத்திலிருந்து அனுப்பப்பட்டு, இங்கே நடுவட்டத்தில் அரசு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். அந்த வேலையில் சேலைக்கு மேல் இடுப்பைச் சுற்றிப் படங்குச் சாக்கு கட்டாமல் யாரும் நிரைக்குள் இறங்க மாட்டார்கள்; இறங்கினால் பனி ஈரமும் செடியின் வெட்டுக்குச்சியும் சேர்ந்து சேலையை மட்டுமல்ல, தொடையையும் கிழித்துவிடும். கடையில் உள்ள பொம்மைகளோ பட்டுக்கரை மின்னும் சேலையில், படங்கு இல்லாமல், தலையில் கயிறு மாட்டாமல், கூடையைத் தோளில் கைப்பை போல மாட்டிக்கொண்டு, கல்யாணத்துக்குப் போகிற முகத்தோடு நிற்கின்றன. பேரனிடம் சொன்னேன். 'வெளியிலேர்ந்து ரெடிமேடா வருதுக்கா' என்றார். ஒரு காகிதத்தில் படங்கு கட்டும் விதத்தையும், செடிமட்டம் பார்க்க மேலே போட்டுக்கொள்ளும் மட்டக்கம்பையும் வரைந்து கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த முறை போனபோது அந்தக் காகிதம் கல்லாவுக்குப் பின்னால் ஒட்டியிருந்தது. பொம்மைகள் பழைய சேலையிலேயே இருந்தன.

தோடர் பூவேலைச் சால்வை கிடைக்குமா என்று கேட்டு வருகிறவர்கள் நிறைய. இங்கே கிடைக்காது. வெள்ளைப் பருத்தித் துணியில் இழையை எண்ணி எண்ணிச் சிவப்பு, கறுப்பு நூலால் போடும் அந்த வேலை வேறு மரபு. 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. அதைத் தோடர் பெண்களிடமிருந்து நேராக வாங்கி விற்கும் இடங்களில் வாங்குவதே முறை என்று டீச்சர் திருப்பி அனுப்பிவிடுகிறார்.

கடை வியாழன் முதல் ஞாயிறு வரை, காலை பத்தரையிலிருந்து மாலை நான்கரை வரை. அலைபேசிப் பணப்பரிமாற்றம் உண்டு, ஆனால் படிக்குக் கீழே சிக்னல் கிடைப்பது அவரவர் அதிர்ஷ்டம். கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். வண்டி நிறுத்த இடமில்லை. முழங்கால் வலி உள்ளவர்கள் மழை நாளில் அந்தப் படிகளில் இறங்க வேண்டாம், பாசி வழுக்கும். பேரம் நடக்காது. பழுது பார்க்கும் வேலைக்கு மட்டும் எப்போது கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறார்: கண்ணி அறுந்த விரிப்பு ஒன்றை, அதே எண் நூலைத் தேடிப் பிடித்து, எங்கே ஒட்டுப்போட்டார் என்று எனக்கே தெரியாதபடி எண்பது ரூபாய்க்குச் சரிசெய்து தந்தார். தயிர்ப்பானை மூடியில் நான்கு மணிகள் உதிர்ந்துவிட்டன. போன ஞாயிறு கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அதே நீலத்தில் கண்ணாடி மணி கிடைக்க வேண்டுமாம், தை பிறந்து வந்து கேட்கச் சொல்லியிருக்கிறார்.